காய்ச்சல் விட்டது, கிருமி விட்டதா?

(திருக்கோவிலில் விவசாயப் பெருமக்களும் ஆசிரியர், வைத்தியர், உத்தியோகத்தர் ஆகியோரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை.)

    

இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது காணிப் பிரச்சினையன்று, தேர்தலுமன்று. மலேரியா என்னும் நடுக்கற் காய்ச்சலுக்கு வழங்கப்பட்டு வந்த மருந்துகளுள் எது சிறந்தது, அது சிறந்தது என்பதை எவ்வாறு அறிந்தனர், அவ்வறிவினால் நமக்கு ஆவது யாது என்பனவே நாம் ஆராயப்போகும் பொருள்.

அரசியல் மேடையிலே குளிசைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இந்நாட்டின் வரலாறு அறிந்தோர் அவ்வாறு கேளார். 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 1935ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் மலேரியாக் கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 உயிர்கள் பலியாயின. மாண்டோருட் பெரும்பாலோர் பசியால் மெலிந்திருந்த ஏழைகள். மருந்தையும் பருப்பையும் சுமந்துகொண்டு கிராமங்கட்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் முன்னின்றனர். நோயும் வறுமையும் ஆட்சியும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பதை அந்தக் கொள்ளைநோய் இந்நாட்டுக்குக் கற்பித்தது.

'இன்று இலங்கையில் மலேரியாவே இல்லையே; இல்லாத நோய்க்கு ஏன் இத்துணைப் பேச்சு?' என்று இன்னொரு கேள்வியும் எழலாம். உண்மைதான். இந்நாட்டு நுளம்பின் வழியாக வழக்கமாகப் பரவிய மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிலே காணப்பட்டார். 2016 செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. இஃது உண்மையிலேயே பெருஞ் சாதனை. ஆயினும், இதே நாடு முன்னும் ஒருமுறை மகிழ்ந்து, பின் ஏமாந்த கதையை நாம் மறத்தலாகாது.

ஒருமுறை ஏமாந்தோம்

1940களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு இலட்சக்கணக்கானோர் இந்நோயால் வருந்தினர். 1945ஆம் ஆண்டளவில் டி.டி.ரி. மருந்து தெளிக்கும் வேலை தொடங்கிற்று. வீட்டுச் சுவர்களிலே மருந்து படிந்தது, நுளம்பு குறைந்தது, காடாகக் கிடந்த உலர்வலயத்திலே மக்கள் குடியேற முடிந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், அதன்பின் இம்மாவட்டத்திலே விரிந்த வயல்களும் நோய் தணிந்த நிலத்திலேதான் எழுந்தன. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் பதினேழு பேர் மாத்திரமே! அவர்களுள்ளும் பெரும்பாலோர் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர்கள்.

பின்னர் நடந்தது என்ன? நோய் ஒழிந்தது என்ற எண்ணத்தினால் மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் இருந்த கண்டிப்புத் தளர்ந்தது. 1967இன் இறுதியிலிருந்து நோய் மீண்டும் தலைதூக்கிற்று. 1969ஆம் ஆண்டில் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயாளராயினர். மறுபடியும் அதை ஒழிக்க நாற்பதாண்டுகளுக்கு மேற் சென்றன. 1999ஆம் ஆண்டில்கூட இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் இருந்தனர். போர் நிகழ்ந்த வடக்கும் கிழக்கும் அச்சுமையின் பெரும்பங்கைச் சுமந்தன.

1963இலே நாட்டுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, கிருமி விடவில்லை. காய்ச்சல் விடுவது வேறு, கிருமி ஒழிவது வேறு. ஒரு நாட்டுக்குப் பொருந்துகின்ற இவ்வுண்மை ஒரு நோயாளியின் உடலுக்கும் பொருந்தும். மருந்துகளை ஒப்பிட்டு அளக்கும் முறையும் இவ்வுண்மையின் மேலேயே எழுந்தது.

விதைநெல்லை ஒப்பிடுவது போல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நோயாளி நினைவோடிருக்கிறார், குளிசையை விழுங்க முடிகிறது, மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகள் தாக்கப்படவில்லை. இந்நிலையைச் சிக்கலற்ற மலேரியா என்பர். நினைவு மயங்கி, வலிப்புக் கண்டு, மூச்சுத் திணறுவது கடுமையான மலேரியா. அதற்கு ஊசிமருந்து வேண்டும். யாம் பேசுவது முதலாவதைப் பற்றி மாத்திரமே. முதலாவதற்குச் சரியான மருந்தைக் காலத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டாவது வராமற் காக்கலாம்.

இரண்டு மருந்துகளுள் எது சிறந்தது என எப்படி அறிவது? விவசாயிகளுக்கு இதனை விளக்கல் எளிது. பத்தலகொடையிலிருந்து புதிய நெல்லினம் ஒன்று வருகிறது. அதனை வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயலில் விதைத்து, பழைய இனத்தைத் தண்ணீர் எட்டாத கடைக்கோடி வயலில் விதைத்து, 'புதியதே நன்று' என ஒருவர் கூறினால் எந்தப் போடியார் ஏற்பார்? மண்ணும் நீரும் பசளையும் ஒத்திருக்கவேண்டும். எந்த வரவைக்கு எந்த விதை என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கவேண்டும். மருந்துச் சோதனையும் அவ்வாறே. நோயாளருள் யாருக்கு எந்த மருந்து என்பதை வைத்தியரின் விருப்பம் தீர்மானித்தலாகாது, சீட்டே தீர்மானிக்கவேண்டும்.

அடுத்து, அறுவடையை எந்த நாளிலே அளப்பது? இங்கேதான் பலர் தவறுகின்றனர். பயனுள்ள மருந்தெதுவும் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சலைத் தணித்துவிடும். அரைகுறையாக வேலைசெய்யும் மருந்தும் அப்படியே தணித்துவிடும்! இரத்தத்திற் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்த இடத்திற் சில ஆயிரம் எஞ்சியிருந்தால் நோயாளிக்குச் சுகமாகவே இருக்கும். நுணுக்குக்காட்டியின் கண்ணுக்கும் அவை அகப்படா. மூன்று வாரங்களின் பின் அவை பெருகி எழும். ஆகவே, சோதனை செய்வோர் நோயாளரை 28 நாட்களோ 42 நாட்களோ தொடர்ந்து கண்காணித்து, பன்முறை இரத்தம் எடுத்துப் பார்ப்பர். இடையிலே காய்ச்சல் மீண்டால், அது பழைய கிருமி எழுந்ததா, புதிய நுளம்புக் கடியால் வந்ததா என்பதைக் கிருமியின் மரபணுவை ஒப்பிட்டு அறிவர். இவ்வாறு அளந்ததில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் தவறினால் அம்மருந்தைக் கைவிடவேண்டும், அதற்கு மாற்றாக வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரையாவது குணப்படுத்தவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

கொயினா முதல் குளோரோகுயின் வரை

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு மருந்துகளின் வரலாற்றைப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்ததே கொயினா. நல்ல மருந்துதான். ஆனால், நாளொன்றுக்கு மூன்றுமுறையாக ஏழு நாட்கள் உண்ணவேண்டும். கடுங் கசப்பு; காதிரைச்சல்; தலைச்சுற்று. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் நிறுத்தியவர் பலர். மருந்து தோற்கவில்லை, முழுமையாக உண்ணப்படாமையால் தோற்றதாயிற்று. எனவே, மருந்தொன்றின் மதிப்பு அதன் வலிமையில் மட்டுமன்று, ஏழை விவசாயி அதனை முழுமையாக உண்டு முடிக்க முடியுமா என்பதிலும் தங்கியுள்ளது.

அடுத்தது குளோரோகுயின். 1934இல் ஜெர்மனியிலே ஆக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின் பின் உலகெங்கும் பரவியது. மூன்றே நாட்கள், மலிவு, தீங்கும் குறைவு. நம் பெற்றோர் பலர் உயிர் பிழைத்தது இக்குளிசையினாலேயே. மலேரியாக் கிருமி நம் செங்குருதிக் கலத்துட் புகுந்து அங்குள்ள செம்பொருளைத் தின்கிறது. தின்றதில் எஞ்சும் நச்சுக் கழிவைப் பளிங்காக்கி ஒதுக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. குளோரோகுயின் அந்த ஒதுக்கலைத் தடுத்து, கிருமியை அதன் கழிவாலேயே கொல்கிறது. நாளடைவில், உட்சென்ற மருந்தை வெளியே இறைத்துவிடும் வல்லமை சில கிருமிகளுக்கு வாய்த்தது. 1950களின் இறுதியிலே தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும் தென் அமெரிக்காவிலும் இக்கிருமிகள் தலைகாட்டின. பல்சிபாரம் என்னும் உயிர்கொல்லி இனத்தில் இவ்வெதிர்ப்பு இலங்கையிலே முதன்முதலாக 1984இற் கண்டறியப்பட்டது.

ஒரே பூச்சிமருந்தை ஆண்டாண்டாக அரைகுறையாகத் தெளித்தால், மடிவன மடிய, மடியாத பூச்சி வயல் முழுவதையும் ஆளும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அதுவே நிகழ்ந்தது. ஆபிரிக்காவிலே குளோரோகுயின் பலவிடங்களில் தோற்றபின்னும், மலிவு என்ற காரணத்தால் அதையே கொடுத்து வந்தனர். காய்ச்சல் சற்றே தணிந்தது, கிருமி தங்கிற்று, குழந்தைகளின் சாவு மிகுந்தது. மலிவான மருந்து என்பது குணப்படுத்தும் மருந்துக்கே பொருந்தும் பெயர். குணப்படுத்தாத மருந்து எவ்விலைக்கும் அதிகமே. பின்னர் வந்த சல்பாடொக்சின்-பைரிமெத்தமின் ஒரேவேளைக் குளிசை. எளிமையில் அதற்கு இணையில்லை. எனினும், அதற்கும் எதிர்ப்பு விரைவில் எழுந்தது.

இரட்டை வரம்பு

1967இலே சீன அரசு மலேரியா மருந்து தேடும் பெருமுயற்சியொன்றைத் தொடங்கிற்று. தூ யூயூ என்னும் பெண் அறிஞர் பண்டைய சீன மருத்துவ நூல்களை ஆராய்ந்து, மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்னும் பொருளை எடுக்க வழி கண்டார். 2015இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. நாட்டு மருத்துவத்தைப் பழிப்போரும், சோதியாமலே அதனைப் புகழ்வோரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய செய்தி இது. பழைய நூல் வழியைக் காட்டிற்று. சோதனை உண்மையை நிறுவிற்று.

இம்மருந்து கிருமியை மற்றெல்லா மருந்துகளினும் விரைவாகக் கொல்லும். ஆனால், சில மணிநேரத்தில் உடலைவிட்டு அகன்றுவிடும். தனித்துக் கொடுத்தால் நோய் மீளும், எதிர்ப்பும் வளரும். ஆதலின், நெடுநாள் தங்கும் வேறொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என 2006இல் உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்திற்று. ஒன்று விரைந்து கொல்லும். எஞ்சியதை மற்றது நின்று கொல்லும். ஒரு வரம்பை உடைத்த வெள்ளத்தை அடுத்த வரம்பு மறிப்பது போன்றது இது.

இக்கூட்டு மருந்துகளையும் ஒன்றோடொன்று சோதித்தனர். ஆர்ட்டிமீத்தர்-லுமிபான்ட்ரின் மூன்று நாட்களில் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடு உண்ணவேண்டியது. வெறும் வயிற்றில் உண்டால் உடலில் நன்கு சேராது. டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்-பிப்பராகுயின் நாளுக்கு ஒருமுறையாக மூன்று நாட்கள். நெடுநாள் தங்குவதாற் புதுத் தொற்றையும் சில வாரங்கள் தடுக்கிறது. ஆபிரிக்கச் சோதனைகளில் இரண்டும் சிறந்து விளங்கின. ஆனால், இரண்டாவது மருந்து கம்போடியாவிலே தோற்றது. ஆர்ட்டிசுனேற்று-சல்பாடொக்சின்-பைரிமெத்தமின் கூட்டு இந்தியாவின் பெரும்பகுதியில் நின்றுபிடித்தது. வடகிழக்கு மாநிலங்களில் தளர்ந்தமையால் 2013இல் அங்கு மாத்திரம் மருந்து மாற்றப்பட்டது. குளோர்புரோகுவானில்-டப்சோன் என்னும் மலிவு மருந்தோ, கிருமியைக் கொன்றாலும், சிலரது செங்குருதிக் கலங்களையும் அழித்தமையால் 2008இல் விலக்கப்பட்டது.

இவற்றால் அறிவது யாது? எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் சிறந்த மருந்து என ஒன்றில்லை. இவ்விடத்தில், இவ்வாண்டில், இக்கிருமிக்குச் சிறந்தது எது என்பதே கேள்வி. அதற்கு விடை கூறத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கவேண்டும். இலங்கை 2008இலே சிக்கலற்ற பல்சிபாரத்துக்கு ஆர்ட்டிமீத்தர்-லுமிபான்ட்ரினை ஏற்றது. அதனோடு ஒரேயொரு வேளை பிரைமாகுயினும் கொடுப்பர். அது நோயாளிக்காக மட்டுமன்று. அவரைக் கடிக்கும் நுளம்பு வழியாக நோய் அயலவரைச் சேராதிருத்தற்காகவே.

ஈரலில் உறங்கும் கோரைக்கிழங்கு

இந்நாட்டில் மிகுதியாயிருந்ததும், அயலிலுள்ள இந்தியாவிலிருந்து இன்றும் வரத்தக்கதும் வைவாக்ஸ் என்னும் மற்றை இனம். இதற்குக் குளோரோகுயின் நம் பக்கத்தில் இன்றும் பயன்படுகிறது. ஆயினும், இதன் சூழ்ச்சி வேறு. இரத்தத்திலுள்ளது மடிந்தபின்னும், ஈரலிலே சில கிருமிகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வயலிலே கோரைப்புல்லின் தாளை எரித்துவிட்டு நிமிர்கிறோம். சேற்றுக்குள் கிழங்கு கிடக்கிறது. அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கிறது. குளோரோகுயின் தாளை எரிக்கும். கிழங்கைக் கெல்லுவது பிரைமாகுயின்.

அதனை எத்தனை நாள் கொடுப்பது? இந்தியா முதலிய நாடுகளில் நெடுங்காலம் ஐந்து நாட்களே கொடுத்து வந்தனர். நம் நாட்டு மலேரியாத் தடை இயக்கத்தைச் சேர்ந்த வைத்தியர் கௌரி கலப்பத்தியும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பிரதாப் தரியன் முதலியோரும் அதுவரை நடந்த சோதனைகள் அனைத்தையும் ஒருங்கு தொகுத்து ஆராய்ந்து, 2007இலும் மீண்டும் 2013இலும் வெளியிட்ட முடிவு தெளிவானது. ஐந்து நாட் சிகிச்சை, பிரைமாகுயினே கொடாமைக்கு ஏறத்தாழச் சமம். பதினான்கு நாட் சிகிச்சையே நோய் மீள்வதைக் குறைக்கிறது. எத்தனை ஆண்டுகள், எத்தனை இலட்சம் பேர் பயனின்றி ஐந்து நாள் மருந்துண்டனர் என்பதை எண்ணிப் பாருங்கள்! ஐந்தாம் நாளில் அனைவருக்கும் சுகமாகவே இருந்தது. அச்சுகமே அனைவரையும் ஏமாற்றிற்று.

அதன்பின் வேறு வழிகளும் ஒப்பிடப்பட்டன. நாளளவை இரட்டித்து ஏழு நாட்களில் முடித்தால் பதினான்கு நாட்களுக்கு ஈடாகும் என்று 2019இல் வெளியான பன்னாட்டுச் சோதனையொன்று காட்டிற்று. 2018இலே அமெரிக்காவில் அனுமதி பெற்ற டபினோகுயின் ஒரேவேளை மருந்து. எனினும், ஜி6பிடி என்னும் நொதியம் குறைந்த உடலில் இம்மருந்துகள் செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். ஆதலால் முன்கூட்டிய இரத்தப் பரிசோதனை வேண்டும். கருவுற்ற தாய்மாருக்குக் கொடுத்தலாகாது. கடையிலே பெயர் சொல்லி வாங்கி விழுங்கும் குளிசை இதுவன்று என்பதை மனத்திற் கொள்க.

நாம் செய்யவேண்டியது

இவையெல்லாம் திருக்கோவிலுக்கு எதற்கு? சித்திர வேலாயுதரைத் தொழுது, பொத்துவிலையும் உகந்தையையும் கடந்து, குமணைக் காட்டினூடே கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகரின் வழியிலே நாம் வாழ்கின்றோம். கதிர்காமம் மொனறாகலை மாவட்டத்தின்கண் உள்ளது. அம்மாவட்டத்திலேயே 2018 டிசம்பரில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரது உடலிலிருந்த வைவாக்ஸ் கிருமி உள்ளூர் நுளம்பின் வழியாக இந்நாட்டவர் ஒருவரை அடைந்தது. விரைவிலே கண்டுபிடிக்கப்பட்டமையால் அஃது அத்தோடு நின்றது. 2016இன் இறுதியிலே, நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் வளரத்தக்க ஸ்டீபன்சி என்னும் இந்திய நுளம்பு மன்னாரிலே காணப்பட்டது. வயலோரத்துப் பழைய நுளம்பும் போய்விடவில்லை. ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் தொழிலுக்கும் வணிகத்துக்கும் தலயாத்திரைக்கும் சென்று மீள்வோருள் ஆண்டுதோறும் சில பத்துப் பேரிடம் மலேரியா காணப்படுகிறது. விறகும் உண்டு, பொறியும் உண்டு. இடையிலே காவல் ஒன்றே நிற்கிறது.

மேலும், ஆர்ட்டிமிசினினுக்குத் தளரும் கிருமிகள் 2008ஆம் ஆண்டளவில் மேற்குக் கம்போடியாவிலும், 2020இல் ருவாண்டாவிலும், அடுத்து உகண்டாவிலும் கண்டறியப்பட்டன. அங்கிருந்து வரும் பயணியின் உடலில் எக்கிருமி உண்டு என்பதை அவரது நெற்றியிலே எழுதி வைத்திருக்கவில்லை.

ஆகவே விவசாயப் பெருமக்களுக்கு யாம் கூறுவது: பிறநாடு சென்று மீண்ட ஒருவர்க்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், சென்ற நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலிற் சொல்லுங்கள், மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கும்படி கேளுங்கள். கொடுத்த குளிசையைக் கடைசி நாள்வரை உண்ணுங்கள். மீண்டும் இரத்தம் பார்க்க அழைத்தால், 'சுகமாய்த்தானே இருக்கிறேன்' என்று மறுக்காதீர்கள். அந்த இரத்தத்துளி உங்களுக்காக மட்டுமன்று, ஊருக்காகவும் எடுக்கப்படுகிறது.

கற்றோருக்கு யாம் கூறுவது: டெங்குவே எங்கும் பேசப்படும் இந்நாளில், இளம் வைத்தியருட் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதேயில்லை. காணாத நோயை நினைவிற் கொள்ளுதலும் கல்வியின் கடமையே.

அரசுக்கு யாம் விடுக்கும் கோரிக்கை மூன்று. நோயாளர் இல்லை என்பதைக் காரணங்காட்டி இரத்தம் பார்ப்போரையும் நுளம்பு ஆய்வோரையும் குறைத்தலாகாது; 1963இன் பிழை இரண்டாம் முறையும் இழைக்கப்படின் அதற்குப் பிழை என்று பெயரிடல் தகாது. சிலருக்கே வேண்டியதாயினும், உரிய மருந்து கிழக்கு மாகாணத்திலும் எந்நாளும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, பதினான்கு நாள் ஏன் உண்ணவேண்டும், எவ்வுணவோடு உண்ணவேண்டும், எக்குறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்பன நோயாளியின் சொந்த மொழியில் எழுதிக் கொடுக்கப்படல் வேண்டும். 1987இலே தமிழும் ஆட்சிமொழியாதல் வேண்டும் என அரசியலமைப்பில் எழுதினர். அவ்வெழுத்து குளிசைப் பொட்டலத்தின் மேலும் வந்து சேரட்டும்! விளங்காத மொழியிற் கூறப்பட்ட மருந்து அரைகுறையாகவே உண்ணப்படும். அரைகுறையாக உண்ட மருந்தின் கதையை இதுவரை கேட்டீர்கள்.

தமிழர் உடல், முஸ்லிம் உடல், சிங்களவர் உடல் என நுளம்பு பிரித்தறியாது. சாகாமக் குளத்தருகே பரவும் நோய் கல்முனையிலும் நில்லாது, அம்பாறையிலும் நில்லாது. காவலும் அவ்வாறே பிரிவின்றி இருத்தல் வேண்டும். காய்ச்சல் விட்டதென்று மகிழ்வோம்; கிருமி விட்டதா என்று கேட்பதை ஒருநாளும் நிறுத்தாதிருப்போம்.